இடப்பக்க விளக்கு மூடியிருந்தது

அன்பு மச்சான் செல்லையாவுக்கு,

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகும் நாம் ரெண்டு பேரும் நீ, வா, போ என்று பேசுவதை விடவில்லை. இறந்துபோனவருக்கு மரியாதை கொடுத்து எழுதவேண்டுமாம். எனக்கு அது வராது. கோபம் வந்தால் வழக்கம்போல முதுகில் ஒன்று வை, வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மூத்தவள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். சின்னவனுக்கு முன்பல் ரெண்டும் விழுந்து, சிரித்தால் உன்னை மாதிரியே இருக்கிறான். தேயிலை ஃபெக்டரியில் உன் இடத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருக்கிறார். மெஷினைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்கிறார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நம் ரோட்டுக்கு இன்னும் தார் போடவில்லை. ரத்தோட்டையிலிருந்து ஏறுகிற லொறிகள் இன்னும் கல்லை வாரி அடித்துக்கொண்டுதான் போகின்றன.

காரும் ஓடுகிறது. அதை எழுதத்தான் கை கூசுகிறது.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். வாடகைக்கு ஹயர் ஓட நான் வைத்திருப்பது யுத்தத்துக்கு முந்தின கார், சீமைக்குத் திரும்பிப் போன துரை விட்டுப்போனது. முன்னால் மட்காட்டுக்கு மேலே ஆள் தலை அளவு பெரிதாக ரெண்டு விளக்கு. ஒருநாள் லொறிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் இடப்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். கண்டி முழுக்க அலைந்து, கடைசியில் மாத்தளையில் பழைய இரும்புக்கடை முதலாளி ஒருவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். "இதுதான் கடைசி, தம்பி. இனி இந்தச் சாமான் கப்பல்ல வராது" என்றார்.

அதைக் காப்பாற்ற நீ பட்ட பாடு! முதலில் கோழிக்கூட்டுக் கம்பிவலை கட்டினாய். பொடிக்கல் உள்ளே புகுந்தது. பிறகு தகர மூடி. அது போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. கடைசியில் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற சாக்குத்துணியை நாலாக மடித்து, ரெண்டு விளக்குக்கும் தொப்பி மாதிரி உறை தைத்து, பின்னால் கயிறு வைத்து முடிந்தாய். அதற்குப் பிறகு ஒரு கல்லும் கண்ணாடியைத் தொடவில்லை. பகலில் உறை போட்டு ஓடுவது, விளக்குப் போடவேண்டி வந்தால் நிறுத்திக் கழட்டுவது என்று பழகிக்கொண்டேன். "கழட்டுனா ரெண்டையும் கழட்டு மச்சான், சோம்பேறித்தனம் பண்ணாத" என்று ஒருதரம் சொன்னாய். நான் சிரித்தேன்.

அன்றைக்குப் பின்நேரம் நாலு மணி இருக்கும். மேலே ஆளை இறக்கிவிட்டு வெறும் காராக வந்தேன். ஏலக்காய்க் காட்டைத் தாண்டினதும் மூடுபனி கொட்டியது. நிறுத்தி வலப்பக்க உறையைக் கழட்டினேன். இடப்பக்கக் கயிறு நனைந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். கிடைக்காத கண்ணாடி, கீழேயிருந்து லொறி வந்தாலும் வரும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன்.

அந்த இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எல்லோரும் எஞ்சினை நிறுத்தித்தான் இறங்குவோம். நானும் நிறுத்தினேன். பனிக்குள் டயர் சத்தம்கூடக் கேட்கவில்லை. நீ எனக்கு எதிரே ஏறி வந்துகொண்டிருந்தாய். தினமும் அதே நேரத்துக்கு தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரி ஐயாவும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தி, சத்தமில்லாமல் அதே இறக்கத்தில்தான் வருவார். நீ பார்த்தது ஒரே ஒரு வெளிச்சம், நடு ரோட்டில். சைக்கிளுக்கு எவ்வளவு ஒதுங்கவேண்டுமோ அவ்வளவு ஒதுங்கி நின்றாய். காரின் மற்றப் பாதி பனிக்குள் மறைந்து வந்து உன்னை அடித்தது.

உன் கண் திறந்தே இருந்தது. என்னைப் பார்த்தாயா, இல்லை விளக்கைப் பார்த்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் வேலை, உன் தலையைத் தூக்கி மடியில் வைத்தது இல்லை. பேனாக்கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்து உறையை சீட்டுக்கு அடியில் திணித்தேன். மச்சான், நான் செய்தது அதுதான்.

மரண விசாரணையில் கேட்டார்கள். "ரெண்டு லைட்டும் எரிஞ்சுதுங்க. அவரா ரோட்டுக்கு நடுவுல வந்துட்டாருங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையை ஊர் எடுத்துக்கொண்டது. செல்லையா தானாகப் போய் விழுந்தானாம். ஏன் விழுந்தான் என்பதற்குக் காரணமும் கண்டுபிடித்தார்கள். அந்த வாரம்தான் இந்தியாவுக்குப் போகச் சொல்லி கவர்மென்டிலிருந்து உங்களுக்குக் கடிதாசி வந்திருந்தது. அன்று காலையில் தங்கச்சி தெய்வானை உன்னிடம், "போறதுன்னா நீங்க மட்டும் போங்க" என்று கத்தியது லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்டிருந்தது.

ஒரு வருஷமாக அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "நான் சொன்னதுக்காகத்தான் அப்படிச் செஞ்சாரா அண்ணே?" நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள், சாப்பிட மாட்டாள்.

உறைகள் இல்லாமல் ஓடத் தொடங்கி ரெண்டு மாதத்தில் அது ஆரம்பித்தது. பனி இறங்கிய ஒரு நாள், ஏலக்காய் வாங்க வருகிற வியாபாரி ஒருவரை ஏற்றப் போனேன். கை காட்டி நிறுத்தியவர், "என்ன, ஒத்த லைட்டுல வாறீங்க?" என்றார். இறங்கிப் பார்த்தேன். ரெண்டும் நன்றாக எரிந்தன. அவரும் பார்த்துவிட்டு ஏறினார். வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தார்.

அடுத்தது காட்டுக் காவல்காரர். சிங்களத்தில், "எக லைட் எகய் மஹத்தயா" என்று, ஒரு லைட்தான் எரிகிறது என்று ஒரு விரலைக் காட்டினார். அப்புறம் ஒருநாள் கொழுந்துக்கூடையோடு வந்த ரெண்டு பெண்கள். என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஆனால் எவ்வளவு? ஒரு சைக்கிளுக்கு ஒதுங்குகிற அளவு. பிரேக்கில் ஏறி நின்றே விட்டேன். எனக்கும் கூடைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

முன்னால் வண்டி எதுவும் இல்லாதபோதும் அந்த வளைவில் இடப்பக்கக் கண்ணாடியில் டிக் என்று ஒரு பொடிக்கல் விழும். ஒன்றே ஒன்று. துடைத்துப் பார்ப்பேன். எத்தனை கல் விழுந்தும் கீறல்கூட இல்லை, மச்சான். நான் பொத்திப் பொத்தி வைத்த கண்ணாடி புதுசாகவே இருக்கிறது.

போன தைமாதம் நல்ல காய்கிற வெயில், ரோட்டில் புழுதி பறக்கிறது. எதையோ தேடி சீட்டைத் தூக்கினேன். உறை கையில் பட்டது. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற ஈரம். வெயிலில் ரெண்டு நாள் காயப்போட்டு உள்ளே வைத்தேன். மறுநாள் பின்நேரம் தொட்டுப் பார்த்தேன், அதே ஈரம். பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். சிரி. அதன் பிறகு சீட்டைத் தூக்கவே இல்லை.

பேயை ஓட்டப் பூசாரியைக் கூப்பிடு என்றார்கள். என் மச்சானை எதற்கு நான் ஓட்டவேண்டும்? ஓட்டவேண்டியது என் வாயில் இருந்த பொய்யை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தைரியம்தான் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் வருஷத் திதி. படையல் போட்டு முடிந்ததும் தெய்வானை மறுபடியும் அதையே கேட்டாள். சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அழவில்லை, அடிக்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தாள். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"காரை எடுங்க. அன்னைக்கு எப்புடி வந்தீங்களோ அப்புடியே வாங்க. நான் அங்கன நிக்கிறேன்."

"வேணாம் தெய்வான. ஏதாச்சும் ஆயிரும்."

"அவரு என்னத்தப் பாத்தாருன்னு நான் பாக்கணும். அந்த ஒறையக் கட்டுங்க."

கட்டினேன். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டபோது ஈரச் சாக்கில் விரலெல்லாம் சில்லிட்டது. மேலே போய்த் திருப்பி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் விட்டேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கே நிற்கிறாள்? கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு ஏதோ சேலை நிறம் தெரிந்தது. மிதித்து நிறுத்திவிட்டுக் குதித்தேன்.

அவள் ரோட்டில் இல்லை. தண்ணீர் ஓடுகிற ரோட்டோரக் கானுக்குள் முழங்கால் சேற்றில் நின்றாள்.

"சைக்கிள்னுதாண்ணே நெனச்சேன். ஒங்க வண்டின்னு தெரிஞ்சும் சைக்கிள் மாதிரியேதான் வந்துச்சு. இந்தா, இந்தக் கல்லு வரைக்கும்தான் ஒதுங்குனேன்." அவள் காட்டிய கல் காரின் இடச்சக்கரத்துக்கு அடியில் இருந்தது. "அதுக்கப்புறம் யாரோ முழங்கையப் புடிச்சுக் கானுக்குள்ள இழுத்தாங்க."

அவள் முழங்கையில், உன் கையில் எப்போதும் இருக்குமே, அந்த மாதிரி கறுப்பாக கிரீஸ் ஒட்டியிருந்தது. காரில் பட்டிருக்கும் என்றேன். அவள் காரைத் தொடவே இல்லை.

அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப அவரு ஒதுங்கித்தானே நின்னுருக்காரு?" என்றாள். "என்னய விட்டுட்டுப் போகணும்னு வரல. வீட்டுக்குத்தானே வந்துக்கிட்டு இருந்தாரு?"

"ஆமா, தெய்வான. வீட்டுக்குத்தான் வந்தான்."

கான் ஓரத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஒரு வருஷத்தில் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. கையை நீட்டினேன். "ஒங்ககிட்ட அப்புறமா பேசிக்கிறேன்" என்று தட்டிவிட்டு, தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள். இன்னும் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி ரெண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாளாம், மூத்தவள் வந்து சொன்னாள்.

மச்சான், இந்தக் கடிதத்தை நாளைக்குக் காலையில் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகிறேன். உன்னைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிய எல்லோரும் படிக்கட்டும். ஒட்டிவிட்டு நேரே பொலிசுக்குப் போய், அன்றைக்குச் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுப்பேன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். உன் பிள்ளைகள் வளர்ந்து அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்கிற நாளில், மற்றவர்கள் வாய் திறக்கும் முன்னால் நான் சொல்வேன்: உங்க அப்பா ஒதுங்கித்தான் நின்றார், மாமாதான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
உன் மச்சான் முத்தையா