அம்மா ஊன்றியதா, தானாக முளைத்ததா

நொய்கெல்ன், பேர்லின்
03.07.2006

அன்பு மகள் தர்மிகாவுக்கு,

உன்னையும் மருமகன் மதீசனையும் பேத்தியையும் அம்பாள் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கு நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு 'நாங்கள்' என்பதை வெட்டியிருக்கிறேன், பார்த்திருப்பாய். பழகிய கை, அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. நான் நலம். பிறஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், வேலைக்கும் திரும்பிவிட்டேன், உணவகத்தில் முட்டைக்கோவா வெட்டுகிற என் மேசையை எனக்காகவே வைத்திருந்தார்கள். இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுத்தவுடன் அப்பா சாப்பிட்டீங்களோ என்று கேட்பாய், நான் ஓம் என்பேன், அதோடு எனக்குக் கதை முடிந்துவிடும். உன்னோடு மணிக்கணக்காகக் கதைத்தது அம்மா, நான் பின்னால் நின்று கேட்டதோடு சரி. அதோடு இந்தக் கடிதத்துக்குள் ஒரு இலை இருக்கிறது, அதை ரெலிபோனில் அனுப்ப முடியாது.

விசயம் இதுதான். சித்திரையில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன், அம்மா, சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த நம் தோட்டத்தில் வேலியோரமாகக் குந்தியிருந்து எதையோ ஊன்றினார். நான் வாளியோடு அந்தப் பக்கம் போக, "உதிலை மிதியாதேங்கோ, விதை போட்டிருக்கிறன்" என்றார். என்ன விதையென்று நான் கேட்கவில்லை. தோட்டம் அவருடைய இராச்சியம், நான் தண்ணீர் சுமக்கிற ஆள், முளைத்தால் தெரியத்தானே போகிறது என்று இருந்துவிட்டேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீ கனடாவுக்குப் போன கிழமைதான் அந்த இடத்தில் ஒரு செடி தலைகாட்டியது. ஒன்றே ஒன்று. தண்டில் சிவப்புக் கோடு, இலையோரம் அரம் போல வெட்டு வெட்டாக, கசக்கி மணந்தால் பச்சை மணம் மட்டும்தான். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள், எனக்கு முளையிலும் தெரியவில்லை, முழங்கால் உயரத்திலும் தெரியவில்லை. ஊரில் கமம் செய்த நம் கதிர்காமநாதன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், பிறகு "பூத்தால்தான் சொல்லலாம், ஆனால் களையெண்டால் விதை கொட்ட முன்னம் பிடுங்கோணும், இல்லாட்டி வாற வருசம் தோட்டம் முழுக்க உதுதான் நிக்கும்" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அண்ணை வீட்டாரும் இங்குள்ள மற்றத் தமிழாட்களும் ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேருக்கு பஸ் பிடித்துப் போனார்கள், என்னையும் கேட்டார்கள். வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியாமல் கோயிலுக்கு எப்படி வருவது. அன்றைக்கு முழுநாளும் செடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். வீட்டில் இருந்தால் குசினியில் சட்டிபானைச் சத்தம் இல்லாதது பெரிதாகக் கேட்கிறது.

இனி நடந்த கூத்தைக் கேள். பக்கத்துத் தோட்டத்து லேமன் அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, செடியைக் காட்டி 'உன்கிறவுட், உன்கிறவுட்' என்றார். உனக்குத் தெரியும், பதினேழு வருசமாக எனக்குக் கிறவுட் என்றால் கோவா. 'உன்' என்று தொடங்கினால் இல்லை என்று பொருள், அரசாங்கக் கந்தோர்களில் முடியாது முடியாது என்று 'உன்மோக்லிஷ்' கேட்டுக் கேட்டுப் படித்த பாடம். ஆகவே, இது கோவா இல்லை என்று அந்த மனுசி சொல்கிறது, அதுகூடத் தெரியாத ஆளென்று என்னை நினைத்துவிட்டது என்று எண்ணி, 'யா யா' என்று நன்றாகத் தலையை ஆட்டினேன். நன்றியும் சொன்னேன். வெள்ளிக்கிழமை உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி விளையாடிய நாள், தோட்டச் சங்கக் கட்டடத்தில் எல்லோரும் கொடியோடு கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வேலை முடிந்து போய்ப் பார்க்கிறேன், வேலியோரம் வெறும் மண். லேமன் அம்மா உதவியென்று நினைத்துப் பிடுங்கிவிட்டார். ஆவணியில் சங்கத்தார் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வருவார்கள், தனி ஆள் பாவம் பேச்சு வாங்கக்கூடாது என்ற நல்ல மனம்தான். உன்கிறவுட் என்றால் களையாம், பிறகு அண்ணையிடம் கேட்டுத்தான் அறிந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாய்.

குப்பைக் கிடங்கில் அது வாடிக் கிடந்தது. வேரில் மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது, எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்துத் தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் வாளியைக் கவிழ்த்தேன். அழுதும்விட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. லேமன் அம்மா வந்து நின்றார். எனக்கு வந்த ஜேர்மன் இரண்டு சொல்தான், 'மைன பிறவ்', என் மனைவி என்று சொல்லி மண்ணைக் காட்டினேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். நேற்றுக் காலை நான் போவதற்கு முன்பே அங்கே மண் ஈரமாக இருந்தது, செடியைச் சுற்றி நான்கு குச்சியும் ஊன்றியிருந்தது. உச்சிக் குருத்து நிமிர்ந்துவிட்டது, கீழிலைகள் மஞ்சளாகி விழுகின்றன. விழுந்ததில் ஒன்றைத்தான் உனக்கு வைத்திருக்கிறேன்.

ஞாயிறுகளில் அம்மா உனக்குச் சொல்லாத கதையில்லை. என்ன விதை போட்டேன் என்றும் சொல்லியிருப்பார், யோசித்துப் பார். பேத்தியோடு வீட்டில் தமிழில் கதையுங்கள். மதீசன் இரவு வேலை முடிந்து கார் ஓட்டும்போது நித்திரை தூங்காமல் கவனமாக வரவேண்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா இல்லையென்று தலைமுடியைக் கவனிக்காமல் விடாதே, எண்ணெய் வை. அம்பாள் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் காப்பாள்.

அம்மா போட்டதென்றால் மட்டும் பதில் எழுது, களையென்றால் எழுதாமல் விடு, நான் விளங்கிக்கொள்கிறேன் என்றுதான் முடிக்க நினைத்தேன். பிறகு நாள்தோறும் திறந்து பார்க்கப்போகிற வெறும் தபால் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் பிள்ளை. களையென்றாலும் எழுது.

இப்படிக்கு,
வாளியோடு நிற்கும்
அப்பா