திமிங்கிலத்தின் மேல் பிரவுன் பேப்பர்

17-11-86, திங்கள்
மழை. ராஜகிரி மலை உச்சியைக் காணோம். வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சார்ட்: எண்ணெய்த் திமிங்கிலம், பால் குடிக்கும் குட்டியோடு. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கண்ணாடிய பாத்து வரைஞ்சியா?" இன்று அவருக்கு உப்புமாதான்.

என் வகுப்பில் கடலைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். சொல்ல வேண்டியவை: மீன் அல்ல. நுரையீரல். இரைக்குக் கணவாய் மீன் தேடித் தாய் ஒரு மணி நேரம்கூட ஆழத்தில் இருக்கும். குட்டியால் அவ்வளவு முடியாது. அதுவரை கூட்டத்துப் பெண்கள் மேலே முறைபோட்டுக் காவல். சில சமயம் அதுகளே பாலும் கொடுக்கும்.

தையல் டீச்சர் பல்கீஸ் லீவு முடிந்து வந்திருக்கிறாள். கைக்குழந்தை அனந்தபுரத்தில், மாமியாரிடம். நாலாம் பீரியடில் பால் கட்டி ஜாக்கெட் நனைந்துவிட்டது. வகுப்புப் பெண்கள் சிரித்தார்களாம். பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய் ஊட்டிவிட்டு ரெண்டுக்குள் வந்துவிடுகிறேன் என்று எச்.எம்.மிடம் கேட்டிருக்கிறாள்.

"நானும் மூணு பெத்தவதான். ஒரு நாளு பர்மிஷன் கேட்டிருப்பனா?" என்றாராம் எச்.எம்.

அந்த அம்மாளுக்கு வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே.

18, செவ்வாய்
தூறல். கரன்ட் இல்லை. எனக்குக் கொதிக்கிறது. சார்ட்டில் குட்டியின் மேல் எச்.எம். பிரவுன் பேப்பர் ஒட்டிவிட்டார்!

"பொம்பளப் புள்ளைங்க பாக்குற எடம், டீச்சர்."

"வெளியில ஒண்ணுமே தெரியாது மேடம். காம்பு வயித்து மடிப்புக்குள்ள இருக்குது. குட்டி வந்து முட்டினாத்தான்..."

"ஐயோ, மெதுவா பேசுங்க!"

கடலில் கிடக்கும் பிராணிக்கும் முந்தானை வேண்டுமாம்.

19, புதன்
வெயில். செய்துவிட்டேன். நாலாம் பீரியடில் எனக்கு வகுப்பில்லை. பல்கீஸின் வகுப்பில் நான் உட்கார்ந்துகொண்டு அவளைப் பின் கேட் வழியே அனுப்பினேன். "போடி, நான் பாத்துக்கறேன்." என்ன வீரம்!

எச்.எம். வந்து நின்றார். "தையல் டீச்சர் எங்க?"

முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "பாப்பாவுக்குப் பால் குடுக்கப் போயிருக்காங்க மேடம்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மெமோ. எனக்கல்ல, பல்கீஸுக்கு. நான் பர்மனென்ட், அவள் டெம்பரரி. அடுத்த வருஷ வேலை அந்த அம்மாள் கையெழுத்தில்.

"அக்கா, வேல பூடுமா?"

குறும்பு என்னுடையது, கழுத்து அவளுடையது. என்னையே நாலு அறை அறையலாம் போல.

20, வியாழன்
கண்காட்சிக் கூட்டம். நடுவில் எழுதிக் கொடுத்தேன்: "அனுப்பியது நான். மெமோ எனக்கு வரவேண்டும்."

எச்.எம். இரண்டு தடவை படித்தார். "அப்ப வருஷம் முடியறவரைக்கும் அவங்க நாலாம் பீரியடையும் நீங்களே எடுங்க. அதான் ஒங்களுக்குத் தண்டனை."

"அப்ப அவங்க?"

"எங்கன்னா போவட்டும். நான் பாக்கல."

பர்மிஷன் என்று சொல்ல வாய் வரவில்லை, மகராசிக்கு.

"மெமோவக் கிழிச்சிடுங்க மேடம்" என்றேன். மெமோவோடு ஃபைலை மூடிவிட்டார்.

21, வெள்ளி
பல்கீஸ் பன்னிரண்டு மணி பஸ் பிடித்தாள். ஊசியில் நூல் கோக்க எனக்குக் கால் மணி நேரம். வகுப்பே சிரிப்பு. மணி அடித்ததும் எச்.எம். அறை வாசலில் போய் நின்றேன். "இன்னா டீச்சர்?" "மெமோ." திங்களும் நிற்பேன்.