பக்கத்து வீட்டு எலுமிச்சை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். தீர யோசித்து ஒரு முடிவெடுத்திருக்கிறேன்: இனி பாத்திரங்களைக் குளியலறையில் அல்ல, சமையலறையிலேயே கழுவுவேன்.

இந்தப் பழைய வீட்டுச் சிங்க்கில் வெகுநாளாகத் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. பிளம்பர் வந்து பச்சைச் சாயத்தை ஊற்றி, "எங்க வெளிய வருதுன்னு பாருங்க" என்றார். வீட்டுக்காரரும் நானும் தெருச் சாக்கடையையே உற்றுப் பார்த்தோம். சாயம் மதிலுக்கு அப்பால், பக்கத்து வீட்டு அக்காவின் எலுமிச்சை மரத்தடியில் கசிந்தது. வாரந்தோறும் மதில்மேல் ஒரு பை பழம் வைத்து, என்னோடு நின்று பேசுவாரே, அவர்தான்.

தோண்டினால், வேர் குழாயை உடைத்துப் புகுந்து, உள்ளே தாடிபோல் அடைத்திருந்தது. மதிலைத் தாண்டி வர அந்த வேருக்கு வழி சொன்னது யார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

"இந்த மரத்துக்கு ஒருநாளும் தண்ணி ஊத்தினதில்ல தம்பி. எல்லாம் என் கைராசின்னுல்ல நெனச்சேன்!" என்றார் அக்கா.

"கைராசி இல்லக்கா, இவரு கழுவுன தட்டு" என்றார் பிளம்பர்.

அக்கா உள்ளே போய்விட்டார். வேரை வெட்டிப் புதுக் குழாய் போட்டாயிற்று. தண்ணீர் நன்றாக ஓடுகிறது. மரம் இலை உதிர்க்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எலுமிச்சை ஊறுகாய் அனுப்ப வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அனுப்புங்கள்.

உங்கள் மகன்