அப்பாவின் செப்புத் தகடு

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை.

இன்று காலை தேவாலய முற்றத்தில் விட்காம்பின் படக்கடையைக் கடந்து போனேன். புது அமைச்சர் ராக்கிளிஃப் பிரபுவின் அச்சுப்படம் சன்னலில் தொங்கியது. முகம் மட்டும்தான் அந்த ஆளுடையது. அங்கியும் நாற்காலியும் கைகளும் அப்பாவுடையவை. உள்ளே போய்க் கேட்டேன்.

"உங்கப்பா அமைச்சரா இருந்தப்போ படம் அச்சடிக்கச் செதுக்குன செப்புத் தகடுதாம்மா. தலைய மட்டும் சுரண்டிட்டுப் புதுத் தலையப் போட்டோம். எல்லாக் கடையிலயும் நடக்கிறதுதானே? உங்க தம்பிதான் கொண்டாந்து குடுத்தாரு. புது அமைச்சருக்கு அவரோட காணிக்கையாம்" என்று இளித்தார் விட்காம்ப்.

காணிக்கையா! அரண்மனை உத்தியோகம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று இப்போதுதான் புரிகிறது.

டவர் குன்றின் கொலைமேடையில் அப்பாவுக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கோடரி பிடித்தவன்கூட முதலில் மண்டியிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டான். நீ கேட்டாயா?

அந்தப் படத்தை உன் கூடத்திலும் மாட்டியிருக்கிறாயாம். நன்றாக மாட்டு. அதன் கீழேயே விருந்தும் வை. ஆனால் சுரண்டச் சொன்ன அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாய். நாற்காலியின் மேல் இருக்கும் இடக்கையைப் பார். சுண்டுவிரல் கோணியிருக்கிறது. புது அமைச்சரின் விரல் நேரானது. விருந்தாளி யாராவது ஒருநாள் கேட்கத்தான் போகிறார்.

குதிரையிலிருந்து விழுந்த ஒரு பிள்ளையைத் தாவிப் பிடித்தபோது ஒடிந்த விரல் என்று சொல். அந்தப் பிள்ளை யார் என்பதையும் நீயே சொல்.

இனி உனக்கு எழுதாத,
அக்கா