சரியாக மூடாத பாட்டில்

மார்ச் 3
அவர் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். வேலைக்குத் திரும்பினேன். ஆய்வகத்தில் எங்கள் மேசையை யாரும் தொடவில்லை. இலைத்தூளிலிருந்து மருந்துச் சத்தைப் பிரிக்க, பதினேழு அயனித் திரவங்களைச் சோதித்து அவர் தேர்ந்தெடுத்த ஒன்று பாதி பாட்டில் மிச்சமிருந்தது. அது உப்புதான், ஆனால் திரவமாகவே இருக்கும், ஆவியாகாது, தீப்பிடிக்காது. வழக்கம்போல மூடி அரைகுறையாகத் திருகியிருந்தது. வீட்டில் பற்பசை, இங்கே இது. பன்னிரண்டு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் திருந்தாத மனிதர். திறந்து கிடந்ததை நம்பக் கூடாதென்று கழிவில் ஊற்றிவிட்டு, அதே திரவத்தில் புதுப் பாட்டில் ஒன்றை வரவழைக்கச் சொன்னேன்.

மார்ச் 11
புதுத் திரவம் பாகு மாதிரி இருக்கிறது. தூளுக்குள் இறங்கவே இல்லை. சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வெளியே வந்ததாக அவர் கட்டுரையில் எழுதியிருக்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு.

மார்ச் 12
ஐம்பது.

மார்ச் 16
துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவர் கொஞ்சம் கூட்டி எழுதிட்டாரோன்னு ஒரு சந்தேகம். இருபத்தேழாம் தேதிக்குள்ள அந்த அளவு வரலைன்னா அவர் கட்டுரையை வாபஸ் வாங்கிட்டு, சத்தைப் பிரிக்கப் பழையபடி ஆல்கஹாலுக்கே போயிடலாம்."
அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லலை? எனக்கும் சந்தேகம் வந்துடுச்சா? சீ, நானெல்லாம் ஒரு பொண்டாட்டி.

மார்ச் 20, வெள்ளி
இழுப்பறையில் அவர் மூக்குக்கண்ணாடி. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல மழை.

மார்ச் 23, திங்கள்
வெள்ளிக்கிழமை பாட்டிலை மூடவே இல்லை. நானா! மூன்று நாள் மழைக்காற்றில் திறந்து கிடந்திருக்கிறது. கொட்டப் போனவள் சாய்த்துப் பார்த்தேன் — எண்ணெய்போல ஓடுகிறது. எடை போட்டால் கூடியிருக்கிறது. காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்திருக்கிறது! தூளில் ஊற்றிப் பார்த்தேன்.
எண்பத்தொன்பது.

மார்ச் 25
புதுத் திரவத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் தொண்ணூற்றொன்று. அவர் பொய் எழுதவில்லை. அந்த அரைகுறை மூடிதான், அவருக்கே தெரியாமல், இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறது. கட்டுரை நிற்கும்.
"மன்னிச்சிடுங்கம்மா" என்றார் தலைவர். தலைவர் என்னிடம் சொல்லிவிட்டார். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 26
காலையில் பற்பசையை மூடாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவர் திறந்து போட்டதையெல்லாம் திட்டிக்கொண்டே மூட நான் இருந்தேன்.
சாயங்காலம் வந்து பார்த்தேன். அப்படியே திறந்து கிடந்தது.