மூன்றாம் வரிசைச் சத்தம்

உன் நோட்டு நேற்று கூரியரில் வந்தது. உறையைப் பிரித்ததுமே தலைவலித் தைல வாடை குப்பென்று அடித்தது. இந்தச் சுங்குவார்சத்திரத்து அறை முழுக்க ஒரு காலத்தில் அந்த வாடைதான். "உன்னோட படுத்தா எனக்குத்தான் தலைவலி வருது, ஜன்னலத் தெறடி" என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். நேற்று வாடை போய்விடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன்.

உள்ளே உன் அம்மாவின் துண்டுச் சீட்டு இருந்தது. நீ கண்ணை மூடுவதற்கு முந்தின நாள், நோட்டை என்னிடம் சேர்க்கச் சொன்னாயாம்.

ஊர்க் கோயிலில் கீபோர்டு வாசித்தவள், நர்சிங் படிப்பை ஒரே வருடத்தில் விட்டவள், கடைசியில் டி.வி. செய்யும் கம்பெனிக்கு வந்து என்னோடு ஒரே அறையில் தங்கியவள் நீ. மூன்று இடத்திலும் ஒரே வார்த்தை வேறு வேறு வேலை பார்ப்பதில் உனக்கு அப்படியொரு குஷி. இந்த நோட்டில் பக்கத்துக்கு ஒரு வார்த்தை, அதன் கீழே பாட்டு, டி.வி., ஆஸ்பத்திரி என்று மூன்று கட்டம். 'லீட்' என்றால் பாட்டில் முன்னால் போகிற கிட்டார், டி.வி.யில் வயர், ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்க நெஞ்சில் ஒட்டுவது. "ஏட்டி, ஒரே பேருல மூணு ஊர்ல மூணு ஆளு. ஒருத்தன ஒருத்தன் பாத்ததே இல்ல" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்தச் சிரிப்பு ஏஜிங் ரூமில் நின்றது. செய்து முடித்த டி.வி.களை மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்கிற, ஜன்னலே இல்லாத அறை அது. ஒலியை அடைத்து வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான திரைகள் ஒன்றாகச் சிவக்கும், ஒன்றாகப் பச்சையாகும், நீலமாகும், பிறகு வெளுக்கும். வெளுக்கும்போது எதிரே நிற்பவர் முகத்தில் ரத்தமே இருக்காது. அன்று காலை ஷிப்டில் மூன்றாம் வரிசை அருகே நின்று தலையைச் சாய்த்தாய்.

"யாரோ வாயப் பொத்திக்கிட்டு ஒரே சுதியில இழுக்க மாதிரி இருக்குட்டி. ஒனக்குக் கேக்கா?"

கேட்டது. மெலிதாக, இடையில் மூச்சே விடாமல்.

நீ பயப்படாமல் லைன் லீடரைக் கூப்பிட்டாய். அவர் அந்த வரிசையை மொத்தமாக அணைத்தார். சத்தம் இன்னும் நிற்கவில்லை என்று நீ சொன்னதும் என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, உனுக்கு எதுனா கேக்குதா?" திரைகளெல்லாம் கறுத்துக் கிடந்தன. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம். இரண்டு பேரையும் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன். பாவி நான், அவ்வளவுதான் காரணம்.

உன்னைக் காது டெஸ்டுக்கு அனுப்பினார்கள். காதில் கோளாறில்லை, மனதில்தான் ஏதோ என்று பேச்சு பரவியது. உன் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது, "நெசமாவே ஒனக்குக் கேக்கலையா?" என்றாய். லாரி இரைச்சலில் காதில் விழாதவள் போல நின்றேன். நீ திரும்பவும் கேட்டாய். "இல்லடி" என்றேன்.

வருடம் திரும்புவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. போனில் உன் அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "ஊருக்கு வந்தபொறவு அவ கீபோர்டத் தொடவே இல்லம்மா. எங் காத நானே நம்ப முடியல, எப்படி வாசிக்கன்னு கேட்டா."

நேற்று 'டோன்' பக்கத்துக்கு வந்தேன். பாட்டில், கீபோர்டில் புல்லாங்குழல், வயலின் என்று மாற்றுவது. டி.வி.யில், ஸ்பீக்கரைச் சோதிக்க விடும் பீப். ஆஸ்பத்திரியில், காது டெஸ்டுக்கு ஹெட்போனில் கொடுப்பது. அதற்குக் கீழே கோணலாக நான்காவது கட்டம் ஒன்று போட்டிருந்தாய். 'மூணாவது வரிசை. எனக்கு மட்டும்.'

இன்று காலை லைன் லீடரிடம் போய் நின்றேன். அன்றிருந்த டி.வி.கள் இப்போது யார் யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு எத்தனையோ புது டி.வி.கள் வந்து போய்விட்டன. சத்தம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

"சார், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எனக்கும் கேட்டுச்சு. இப்பவும் கேக்குது."

திரைகள் வெளுத்தன. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனுக்குந்தாம்மா கேக்குது. அன்னிக்கே கேட்டுச்சு. இத்தப் போயி வெளிய சொல்லிகினு திரியாத. போ, வேலையப் பாரு."

அறைக்கு வந்ததும் உன் நோட்டை எடுத்து 'மட்டும்' என்ற சொல்லை அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன், அவர் பெயரையும் எழுதினேன். சத்தம் இப்போதெல்லாம் என்னோடு பஸ்ஸில் ஏறி அறை வரைக்கும் வருகிறது. இதை எழுதும்போதும் அதே சுதியில் இழுத்துக்கொண்டிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். உன் காதில் ஒரு குறையும் இல்லையடி.