இருபது சதவீதப் புரதம்

பென்னலூர்
8.6.2025

அன்புள்ள இசைவாணிக்கு,

நலம்தானே? உங்கள் வீட்டுப் போன் உன் அண்ணனோடு ஷிஃப்டுக்குப் போய்விடுவதால் கடிதமே எழுதுகிறேன். அப்பாவின் மாட்டுத் தீவன ஆலையில், மூட்டை வாயில் தைக்கும் லேபிளுக்குத் தமிழ் வாசகம் எழுதியது நான்தான்! ‘புரதச்சத்து 20 சதவீதம்.’ அச்சில் என் தமிழ்! உன் அம்மாவை, ராஜம்மா அத்தையை, இதையே வாங்கச் சொல். இவ்வளவு புரதம் இருந்தால் தனியாகப் புண்ணாக்கு வேண்டாமாம்.

உன்
கவிப்பிரியா

வாலாஜாபாத்
21.7.2025

அன்புத் தோழி கவிக்கு,

உன் பேச்சைக் கேட்டு அம்மா புண்ணாக்கை நிறுத்தினார். முதலில் வந்த மூட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. இப்போது, எட்டு லிட்டர் கறந்த சிவப்பி நாலரைக்கு வந்துவிட்டது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

“இன்னாம்மா போடற இதுக்கு?” என்றார் கால்நடை டாக்டர்.

“கவி அப்பா கம்பெனி தீவனம் சார். அதுல இன்னா கொற இருக்கப் போவுது?” என்றார் அம்மா.

டாக்டர் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புரதம் பதினொன்றுதானாம். நீ எழுதியது இருபது ஆயிற்றே, கவி?

இசைவாணி

பென்னலூர்
25.7.2025

அன்பு இசை,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பாவிடம் கேட்டேன்.

“ஒரு மாசமா புண்ணாக்கு லோடு சரியா வர்ல. தவிட்ட ஏத்தி ஓட்டிகினு கீறோம். பழைய லேபிள் கட்டுகட்டா கெடக்குது, தூக்கியா போடுவாங்க?”

“அது பொய்யாச்சேப்பா!”

“மாடு இன்னா லேபிளயா படிக்கப் போவுது?”

சிரித்தார், இசை! என் அப்பா!

நூலகத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். லேபிளும் விளம்பரமாகத்தான் கொள்ளப்படுமாம். அதில் பொய் சொல்லி நுகர்வோருக்குக் கெடுதல் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். வாசித்துக் காட்டினேன். அப்பா இப்போது சிரிக்கவில்லை.

அத்தை புகார் கொடுக்கப் போகிறார்களா? அப்பா கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

கவி

வாலாஜாபாத்
30.7.2025

கவி,

“அந்தப் பொண்ணு மூஞ்சிக்காக வுட்டுட்டேன்” என்கிறார் அம்மா. ஆனால் எங்கள் தெருவில் இன்னும் ஐந்து வீடுகளில் அதே மூட்டை. கங்கம்மாள் அக்காவின் மாடு சினையாக இருக்கிறது. நேற்று, “இருவது பெர்சன்ட்டுடி!” என்று அந்த லேபிளை எனக்கே காட்டினார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எத்தனை நாள் மூடிக்கொண்டிருப்பது? நீயே சொல்.

இசை

பென்னலூர்
4.8.2025

அன்பு இசை,

இன்றே எல்லோரிடமும் சொல்லிவிடு. மாவட்ட ஆட்சியருக்கு அத்தை பெயரில் ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உறையில் போடுவதற்கு முன்பு அப்பாவிடம் கொடுத்தேன். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மா, “ஒம் பொண்ணே ஒன்ன உள்ள தள்றாய்யா!” என்று அழுதார். அப்பா முழுவதும் படித்தார். என் பேனாவை வாங்கினார். பொய் லேபிளோடு விற்றவை ‘சுமார் நாற்பது மூட்டைகள்’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: அறுநூற்று இருபது.

நாற்பதுதான் என்று நம்பியிருந்தேன், இசை.

கவிப்பிரியா